நின்ற இடத்தில் அணையும் கார்

பதினோராவது தடவையும் எஞ்சின் அணைந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் இரண்டு குலுக்கல், பிறகு ஒன்றுமில்லை. ஸ்பானர் பிடித்துப் பிழைப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஸ்டார்ட் ஆகாத வண்டி நம்மைச் சாப்பிடவாவது விடும், ஸ்டார்ட் ஆகி அணைகிற வண்டி அதற்கும் விடாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கலசப்பாக்கத்தில் பட்டறை வைத்திருந்தேன். அந்தக் கார் முன்பு பெங்களூர்ப் பக்கம் பந்தயங்களில் ஓடியது. இரண்டு கார்புரேட்டர், வேகத்துக்கென்றே செய்த கேம் ஷாஃப்ட். ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் வாங்கி விற்கிற வெள்ளையன், அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து அதை வாங்கியிருந்தார். எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கட்டியது நான். அவர் மனைவி லட்சுமிக்கு அது நிறைமாதம். முதல் குழந்தை, மலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே போய்விட்டது. இரண்டாவதற்காகத்தான் கார்.

பந்தய ரத்தம்

பிளக், பாயிண்ட், டைமிங், டேப்பட் எல்லாம் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. அப்படி இருக்கும்போதுதான் நமக்கு வாய் நீளும். "இது பந்தய எஞ்சின். சும்மா நிற்பது இதற்குப் பிடிக்காது. நிறுத்துகிற இடத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருங்கள்" என்றேன். சொன்னதில் பாதி உண்மைதான். அந்த மாதிரிக் கேம் உள்ள எஞ்சின் நிற்கும்போது கொஞ்சம் உதறத்தான் செய்யும்.

வெள்ளையன் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். கோபப்படவில்லை. சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டார்:

"நான் மிதிச்சிக்கினே குந்தியிருந்தா, வலி வந்தவள யாருங்க மேஸ்திரி தூக்கி ஏத்துவாங்க?"

ஒரு திருகு

அன்று சாயங்காலம், நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டுகிற ஸ்லோ ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று ஏற்றினேன். எஞ்சின் அணையவில்லை. விமானம் கிளம்பப்போவது போல இரைந்தது, அவ்வளவுதான். அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன். நோயை அமுக்கிவிட்டுத் தூங்குகிற சுகம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் வெள்ளையன் திரும்பி வந்தார். இறக்கத்தில் காலை எடுத்தாலும் வண்டி இழுத்துக்கொண்டே போகிறதாம். கொண்டையூசி வளைவு ஒன்றில் பிரேக்கிலிருந்து புகை வந்திருக்கிறது. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். கையை உடனே எடுத்துவிட்டேன்.

"முன்னாடி நில்லுன்னா செத்துச்சு, இப்போ நில்லுன்னா ஓடுது. நடுவுல ஒண்ணு இல்லீங்களா?"

மேலே உள்ள காற்று

திருகைப் பழையபடி இறக்கிவிட்டு அவரோடு மலைக்குப் போனேன். பட்டறையில் ஆறிய எஞ்சினோடு கிளம்பும்போது நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடியது. மேலே ஏறிச் சூடானதும் அவர் வீட்டு வாசலில் அணைந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. காரணம் கிடைத்துவிட்டதே! உயரத்தில் காற்று லேசு, அதனால் பெட்ரோல் கலவை மாறுகிறது என்று வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் விளக்கினேன்.

லட்சுமி இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்து, திறந்திருந்த பானட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். உதட்டில் வியர்வை. எந்த நேரமும் பிரசவம் ஆகலாம் என்று எனக்கே தெரிந்தது. நான் பேசி முடிக்கும்வரை நின்றாள்.

"நாங்க அல்லாரும் இந்தக் காத்துலதான மூச்சு வுடுறோம்?"

ஊதுபத்தி

கீழே வந்து பட்டறையில் நிறுத்தியபோது வெள்ளிக்கிழமை என்று வெள்ளையனுக்கு நினைவு வந்தது. ஓடுகிற எஞ்சினுக்குத்தான் ஊதுபத்தி காட்ட வேண்டும் என்றார். ஒரு கையால் த்ராட்டிலைப் பிடித்து அணையாமல் பார்த்துக்கொண்டேன். அவர் ஊதுபத்தி கொளுத்தி எஞ்சினைச் சுற்றிக் காட்டினார். பெட்ரோல் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அன்று எனக்கில்லை.

புகை மேலே போனது. இரண்டு கார்புரேட்டர்களுக்கும் நடுவில் வந்ததும் கீழே வளைந்து, ஒரே இடத்தில் உள்ளே போனது. அங்கே இரண்டையும் இணைக்கிற சின்ன ரப்பர் குழாய் இருந்தது. பழையது வெடித்திருந்ததால், எஞ்சினைக் கட்டும்போது கைக்கு அகப்பட்ட சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டை வெட்டி, செம்புக் கம்பியால் கட்டியிருந்தேன். ஆறியிருக்கும்போது இறுக்கமாக இருந்தது, சூட்டில் தளர்ந்து வாயைத் திறந்தது. இத்தனை நாளும் வேண்டாத காற்று அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு த்ராட்டிலை விட்டேன். எஞ்சின் நின்ற இடத்தில் நிதானமாக ஓடியது.

பக்கத்து பேட்டரிக் கடை பாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேஸ் எஞ்சினைத் திட்டின, மலைக் காத்தைத் திட்டின. இந்த ட்யூபு யாரு சைக்கிளுதுப்பா?"

செக்போஸ்ட்

வேலூர் போய்ச் சரியான குழாயும் கிளிப்பும் வாங்கி வந்து மாட்டினேன். சரிபார்க்க மறுபடி மலையேறினோம். வீட்டு முன்னால் கால் மணி நேரம் எஞ்சின் அணையாமல் ஓடியது. அப்போதுதான் உள்ளே லட்சுமிக்கு வலி எடுத்தது.

அவளை அவள் அம்மாவோடு பின்சீட்டில் ஏற்றினோம். நான் முன்னால். இறக்கத்தின் முடிவில் வனத்துறை செக்போஸ்ட். சந்தனக்கட்டைக்காக எல்லா வண்டியையும் நிறுத்துவார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு டிக்கியைத் திற என்றார் காவலர். வெள்ளையன் டிக்கியைத் திறந்தார். எஞ்சினை அணைக்கவில்லை. "அணைய்யா" என்று காவலர் அதட்டினார். வெள்ளையன் முடியாதென்று தலையை மட்டும் ஆட்டினார். பின்சீட்டில் லட்சுமி கத்தினாள். எனக்கு அந்தச் சத்தம் தாண்டி எஞ்சின் சத்தம்தான் கேட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

காவலர் பின்சீட்டைப் பார்த்துவிட்டு, ஓடிப் போய்த் தடுப்புக் கட்டையைத் தூக்கினார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா, வாயில கொழுக்கட்டையா?"

ஆஸ்பத்திரி வாசல்

வாசலில் ஆயாக்கள் வந்து லட்சுமியைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெள்ளையனும் மாமியாரும் பின்னால் ஓடினார்கள். கார்க் கதவுகள் திறந்து கிடந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வேப்பமரத்தடியில் நின்றேன். உட்கார முடியவில்லை. ரேடியேட்டரைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், மறுபடி போய் நின்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வெள்ளையன் வெளியே வந்தார். சட்டையெல்லாம் ஈரம்.

"பொண்ணு பொறந்துக்கீது மேஸ்திரி. ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க."

கட்டிய எஞ்சினில் பழுது தேடும்போது கட்டியவனைக் கடைசியாகச் சந்தேகப்படுவதுதான் நம் தொழிலில் நமக்கு நாமே கொடுத்துக்கொண்டிருக்கும் சலுகை.

அவர் மறுபடி உள்ளே போனார். நான் காருக்குள் கையை நீட்டி, இன்னும் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைச் சாவி திருப்பி அணைத்தேன்.