மரியசெல்வம் டெக்கின் திருகு

ஆஷ்ஃபவுண்டரி என்ற இங்கிலீஷ் பேண்டில் டிரம்ஸ் அடிப்பது ஆளே இல்லை, மெஷின் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்து கொச்சிக்குக் காய்கறி லோடு அடிக்கும் கண்ணுசாமி, அங்கே ஒரு கேசட் கடையில் யாரோ பேசியதைக் கேட்டுவந்து மரியசெல்வத்திடம் சொல்லியிருக்கிறார். "ஏனுங்க, உங்க ஆஷ்ஃபவுண்டரி ஆளுகளுக்கு அறுவது வயசாயிருச்சாமா. புது ஆல்பத்துல டிரம்ஸு மெஷினுங்களாமா."

மரியசெல்வம் அன்றே எனக்குப் போன் போட்டார். 2005 ஜனவரி. நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருந்தேன்.

"ஏலே அப்பு, அங்கன கிடைக்கும்ல? கேட்டுச் சொல்லு. நெசமா அவனுகதான் அடிக்கிறானுகளா?"

"எதுக்குண்ணே இம்புட்டு அவசரம்?"

"டாக்டரு மூணு அடைப்புங்குறாரு. நெஞ்சைப் பொளக்கணுமாம். கிளாரா அழுவுது. அறுவது வயசுல அவனுக அந்த அடி அடிச்சா, நானும் போய்ப் படுத்துக்கிறேன். எனக்கு அம்பத்திரெண்டுதானடா."

சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

தொண்ணூறுகளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் கேசட்டில் பாட்டுப் பதிந்துதரும் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். மாதா படத்துக்கும் ஆஷ்ஃபவுண்டரி போஸ்டருக்கும் சேர்த்து ஒரே சீரியல் பல்பு. பங்குச்சாமியார் ஒருநாள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "மரியசெல்வம், இது பேயைக் கூப்புடுற பாட்டா, ஓட்டுற பாட்டா?" என்றார். "ஓட்டுறதுதான் சாமி. இந்தச் சத்தத்துல எந்தப் பேயி நிக்கும்?" கான்வென்டில் படித்த நான் பாட்டுக்குப் பொருள் சொல்ல வேண்டும். பாதியை நானே கட்டிச் சொன்னேன். அவருக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன்.

அறுபது நிமிட கேசட்டில் அந்த ஆல்பங்கள் அடங்காது. மற்ற கடைகளில் கடைசிப் பாட்டைப் பாதியில் வெட்டிவிடுவார்கள். இவர் வெட்டமாட்டார். பாட்டை ஓடவிடும் டெக்கின் மோட்டாரில் ஒரு சின்னத் திருகு உண்டு. கடை திறந்த புதிதில் அதைக் கொஞ்சம் முடுக்கிவிட்டார். பாட்டு வேகமாக ஓடி கேசட்டுக்குள் முழுசாக அடங்கியது. பிறகு அந்தத் திருகை அவர் தொடவில்லை, நினைக்கவுமில்லை. திண்டுக்கல்லில் நாங்கள் கேட்ட ஆஷ்ஃபவுண்டரி எல்லாம் அந்த டெக் வழியாக வந்ததுதான்.

1999இல் இங்கே வந்த முதல் வாரம் அவர்களின் பழைய ஆல்பம் ஒன்றை ஒரு கடையில் கேட்டேன். மாட்டுவண்டி மாதிரிப் போனது. கடைக்காரனின் பிளேயர் பழுது என்று நினைத்தேன். அந்தத் திருகுதான் காரணம் என்று புரிந்தபிறகும் மரியசெல்வத்திடம் சொல்லவில்லை. அவர் மனசு நோகுமோ என்று தள்ளிப்போட்டேன். ஆறு வருடம் தள்ளிப்போட்டேன்.

புது ஆல்பத்தை வாங்கினேன். சமையலறையில் நின்றுகொண்டே கேட்டேன். இளவயதில் அடித்ததைவிட வேகம். அட்டையில் டிரம்ஸ்காரர், வழுக்கைத் தலையும் வேர்வையுமாக. "மனுசன்தாண்ணே, வெறி புடிச்சவன் மாதிரி அடிக்கிறாரு" என்று போனில் சொல்லிவிட்டு சிடியை அனுப்பினேன். மதுரை ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்குச் சேர்வதாகச் சொல்லியாயிற்று என்றார் அவர் மனைவி கிளாராக்கா.

புதன்கிழமை மரியசெல்வம் பேசினார். குரல் மெதுவாக இருந்தது. மச்சினன் ரொனால்டு வீட்டு சிடி பிளேயரில் கேட்டாராம்.

"என்னடா இப்புடித் தூங்கி வழியிறானுக? தேர்த் திருவிழா பேண்டு செட்டே இதைவிட வேகம். பாடுறவனுக்குக் குரலும் கட்டையாப் போச்சு. என் மனசு நோகக்கூடாதுன்னுதான நீ அப்புடிச் சொன்ன?"

"அண்ணே, அது வந்து..."

"வயசாயிருச்சு அப்பு. அம்புட்டுதான். நான் போகல. கிளாராட்ட நீயே சொல்லிரு."

வைத்துவிட்டார். திருகு என்ற ஒரு சொல் வாயில் இருந்தது. வரவில்லை. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

இன்று வியாழன். இங்கே காலை பதினொன்று, அங்கே மாலை நாலரை. நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமென்றால் இந்நேரம் பெட்டி கட்டியிருக்க வேண்டும். எண்ணை அழுத்துகிறேன். மணி போகிறது. எடுத்தால் முதலில் திருகைச் சொல்ல வேண்டும், நலம் விசாரிக்கக் கூடாது. மணி நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்துகிறேன். போகிறது.