இரண்டு விரல் நுரை

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பப். ஜெர்மனிக்கு விசா மறுக்கப்பட்ட நான், ஒரு கிளாஸ் ஜெர்மன் பியரையாவது குடித்துவிட்டுத்தான் சென்னை திரும்புவேன் என்று அடம்பிடித்து வந்திருக்கிறேன். கூட்டி வந்த தவம் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். பல வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு மாறியவர்.

ஜெர்மன் பெயர் பொறித்த கிளாஸில் பியர் வருகிறது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்களை மூடுகிறேன்.

"அடடா! அப்படியே ஜெர்மனி, அண்ணே."

"கண்ணைத் திறவுங்கோ தம்பி. இது இஞ்சை காய்ச்சினது. லைசென்ஸ் எடுத்துப் பேரை மட்டும் போட்டிருக்கினம்."

என் முகம் தொங்குவதைப் பார்த்து அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை.

"ஜெர்மனியிலை மாதிரி நுரையோடை வார்த்தால் கொஞ்சம் கிட்ட வரும். பொறுங்கோ, வாங்கிக்கொண்டு வாறன்."

கவுண்டரில் நின்று, இரண்டு விரல் உயரம் நுரை வேண்டும் என்று விரலை வைத்தே காட்டுகிறார். பணிப்பெண்ணும் அழகாக வார்த்துக் கொடுக்கிறாள். எட்டிப் பார்க்கையில் எனக்கே ஜெர்மனி பக்கத்தில் வந்துவிட்டது.

பக்கத்து ஸ்டூலில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"கால் கிளாஸ் காற்றா? வெளியூர்க்காரர் என்றால் ஏமாற்றலாமா?" என்று அவளிடம் சீறுகிறார். அவள் பதறிப்போய் நுரையை வழித்தெறிந்து, விளிம்புவரை பியரை நிரப்பித் தருகிறாள். பெரியவர் பெருமிதத்தோடு அண்ணன் தோளில் தட்டுகிறார். அண்ணன் நன்றி சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

தளும்பத் தளும்பக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறார்.

"இந்த நாட்டிலை நியாயம் கூடிப்போச்சு, தம்பி. குடியுங்கோ."