பிரித்துப் பார்க்காமல் வெட்டாதவள்

ஓடி வந்தாளாம். யார் பார்த்தது? என் மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்துதான் வந்தாள், பக்கத்திலேயே நானும் வந்தேன். ஆபரேஷன் கத்திக்குப் பயந்தவள் என்று மாடி வீட்டுக்காரி தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறாள். இருபது வருஷமாகக் கத்தரிக்கோலும் கையுமாக இருப்பவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

பழைய உடுப்பைப் பிரித்து அளவு மாற்றித் தைப்பது அவள் தொழில். யார் வந்து அவசரப்படுத்தினாலும் தையலைப் பிரித்து உள்ளே பார்க்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டாள். ஒருவர் தன் கோட்டின் ஓரத்தில் என்னவோ கட்டியாக உறுத்துகிறது, அந்த இடத்தையே வெட்டி எடு என்றார். இவள் நாலு தையலைப் பிரித்தாள். முதலில் தைத்தவன் உள்ளே மடித்துவிட்ட அதே துணியின் மிச்சம் சுருண்டு கிடந்தது. நீவிவிட்டுத் தைத்துக் கொடுத்தாள்.

போன மாசம் முதுகு வலிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தின் வால் பக்கம், மண்ணீரலை ஒட்டி, கோட்டுப் பொத்தான் அளவு ஒரு கட்டி. பார்த்தால் புற்றுநோய் மாதிரிதான் இருக்கிறது, அந்த வாலையும் மண்ணீரலையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். சரியென்று சொல்லடி என்று நானும்தான் கெஞ்சினேன். அது என் தப்பு.

ஆபரேஷனுக்கு முதல் நாள், ஆஸ்பத்திரி உடுப்போடு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்:

“இது புற்றுநோய் இல்லைன்னா வேற என்னவா இருக்கலாம், டாக்டர்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். கருவில் இருக்கும்போதே மண்ணீரலிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து கணையத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுவது உண்டு, அது ஒரு கெடுதலும் செய்யாது, ஆனால் அபூர்வம் என்றார்.

“அபூர்வம்னா இல்லவே இல்லைன்னு ஆகிடாதே. பாக்க வழி இருக்கா?”

இருந்தது. கொஞ்சம் ரத்தம் எடுத்து, மருந்து கலந்து சூடாக்கி, திரும்ப உடம்பில் ஏற்றினால் மண்ணீரல் எங்கெங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேருமாம். அந்தப் படமெடுக்க முறை வருவதற்கு நாலு நாள் காத்திருக்க வேண்டும். நாள் தள்ளிப்போகிறதே என்று என் மகன் தலையில் கை வைத்தான்.

“பாத்துட்டு வெட்டணும்னு சொல்லுங்க, நானே வந்து படுத்துக்கறேன். பாக்காம விடமாட்டேன்.”

அந்த நாலு நாளும் இந்தத் தெரு பேசாத பேச்சில்லை. வீம்புக்குச் சாகப் போகிறாள் என்றார்கள். அவளோ நர்ஸம்மாவின் உடுப்புக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோர்க்க மூன்று தடவை ஆனது. பயமே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் பெரிய டாக்டரே வந்தார். படத்தில் மண்ணீரல் எப்படிப் பளிச்சென்று தெரிந்ததோ, அந்தப் பொத்தானும் அப்படியே தெரிந்ததாம். மண்ணீரல் துணுக்குதான். வெட்ட வேண்டியதில்லை.

“நல்லவேளை, கேட்டீங்கம்மா” என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன்.

ஆஸ்பத்திரி உடுப்பில் அறுந்திருந்த நாடாவைத் தைத்து, மடித்துக் கட்டிலில் வைத்தாள். சக்கர நாற்காலி தள்ளி வந்த ஆளிடம், அத்தைக்கு வேணும்னா குடுங்க என்றாள். எனக்கெதற்கு என்றேன். கதவை அவளே தள்ளித் திறந்தாள். இரண்டு பேரும் நடந்தே வெளியே வந்தோம்.