இருபத்தேழு நாள் தாடி

பிரியந்தனுக்கு ஓரிடத்தில் இருக்க வராது. சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டிருக்கும். ரெலிபோனில் பேசினால் வயர் இழுபடும் தூரமெல்லாம் நடப்பான். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம், மல்வேர்னில் அவனும் மனைவியும் இருந்தது பதினோராம் மாடி. அவன் நடக்கிற நடை பொறுக்காமல் பத்தாம் மாடிக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பார். மூன்றாவது இடி விழுந்ததும் மனைவி பிரதீபா குசினியிலிருந்து, "வெளியிலை போய் ஓடிப்போட்டு வாங்கோ, அந்த மனுசன் பாவம்," என்பாள். அவனும் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ஓடப் போவான்.

1987இல் பதினேழு வயதில் தனியாக ரொறன்ரோவுக்கு வந்தவன். ஒன்பது வருடத்தில் ஏழு வேலை மாறினான். பீற்சாக் கடையில் மா பிசைந்தான், விமான நிலையத்தில் தரை துடைத்தான், கடைசியாக ஒரு கார்ட்போர்ட் பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தான். எந்த வேலையிலிருந்தும் அவனை யாரும் நிற்பாட்டவில்லை. அவனே அலுத்துப்போய் விட்டுவிடுவான். அவன் விடாமல் பிடித்துக்கொண்டது குத்துச்சண்டை ஒன்றைத்தான். அதையும் அவன் தேடிப் போகவில்லை.

கலியாணத்துக்கு முன்பு வெக்ஸ்போர்ட்டில் மாமி வீட்டில் இருந்தான். ஒரு ஜனவரிப் பின்னேரம் பஸ் வரத் தாமதமானது. காது விறைத்து, இனி நின்றால் காது கழன்றுவிடும் என்ற நிலையில், பக்கத்திலிருந்த கதவொன்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். படி நிலவறைக்கு இறங்கியது. கீழே ஒரு குத்துச்சண்டைக் கூடம், பத்துப் பேர் கயிறடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் கார்ல் கயானாக்காரர், பகலில் லொறி திருத்துபவர். பழக வந்தாயா, பஸ்ஸுக்கு நிற்கிறாயா என்று கேட்டார். பஸ்ஸுக்கு என்றான். அப்படியானால் பஸ் வரும்வரை கயிறடி என்று ஒரு கயிற்றை எறிந்தார். அன்றைக்கு மூன்று பஸ் போனது.

அவனுடைய குத்தில் பெரிய பலம் இல்லை. காலில்தான் எல்லாம். எதிராளி குத்துகிற இடத்தில் அவன் இருக்க மாட்டான். சற்று முன்பு அங்கே இருந்திருப்பான், அவ்வளவுதான். இத்தனை வருடம் வீட்டிலும் வேலையிலும் ஏச்சு வாங்கித் தந்த அந்த இருப்புக்கொள்ளாமைக்கு வளையத்துக்குள் புள்ளி கிடைத்தது. 1994இல் வெல்ரர்வெயிற் பிரிவில் மாகாண சம்பியன் ஆனான். 95இலும் அவன்தான். தொழில்முறைச் சண்டை அல்ல, பெயருக்கான சண்டை. வெல்கிறவனுக்கு ஒரு கப்பும் ஒரு பட்டியும் கொடுப்பார்கள்.

வெல்ரர்வெயிற் என்றால் அறுபத்தேழு கிலோ. அதற்கு மேல் ஒரு கிராமும் கூடக்கூடாது. அவனுடைய உடம்போ சும்மா விட்டால் எழுபத்தொன்றுக்குப் போய் நிற்கிற உடம்பு. சண்டைக்கு மூன்று கிழமைக்கு முன்பே சோற்றை விட்டுவிடுவான். கறுத்தக் குப்பைப் பையில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி, அதைப் போட்டுக்கொண்டு மார்க்கம் ரோட்டில் ஓடுவான். கடைசி இரண்டு நாள் தண்ணீரும் இல்லை. அந்த நாட்களில் பிரதீபா குழம்பு தாளிக்க மாட்டாள். தானும் பாணைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள்.

அவனுடைய அப்பா தியாகலிங்கம் யாழ்ப்பாணத்து மல்லாகத்தில் உப தபாலதிபராக இருந்தவர். பிரியந்தன் ஒரே மகன். முதல் கப்போடு எடுத்த படத்தை அனுப்பியபோது, "கப் நல்லாயிருக்கு. பல் கவனம்," என்று இரண்டே வசனத்தில் பதில் எழுதினார். 95 ஒக்ரோபரில் சண்டை நெருங்கி அந்த வலிகாமப் பகுதி முழுதும் இடம்பெயர்ந்தபோது அப்பாவும் அம்மாவும் நடந்து, பிறகு படகேறி, கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு கடிதமும் இல்லை.

96 பெப்ரவரி முதல் சனிக்கிழமை, கொழும்பிலிருந்து அப்பாவோடு தபால் கந்தோரில் வேலை செய்த இக்னேசியஸ் அங்கிள் ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, இருந்துகொண்டு கேளும்."

"நான் நிண்டுகொண்டுதான் கேப்பன். சொல்லுங்கோ அங்கிள்."

"அப்பா மோசம் போட்டார். திங்கக்கிழமை. காய்ச்சல். உம்மட சித்தப்பான்ர மகன் அன்புராசாதான் கொள்ளி வைச்சவனாம். அம்மா சுகமாயிருக்கிறா."

அன்றைக்கு ஆறாம் நாள். பிரியந்தன் திங்கட்கிழமையைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தான். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன நேரம் இங்கே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தேடினான். தேடினால் கிடைத்தது. அந்தத் திங்கட்கிழமை பயிற்சியில் அவனுக்கு எல்லாமே வாய்த்தது. கார்ல் ஏதோ பகிடி விட, வயிறு நோகச் சிரித்த நாள் அது.

பிறகு அவன் சவரம் செய்யவில்லை. யோசித்து எடுத்த முடிவல்ல. அடுத்த நாள் காலை குளியலறையில் பிளேட்டைக் கையில் எடுத்தான், திரும்ப வைத்தான். அப்பா செத்தால் மகனுக்குத் துடக்கு, அந்தத் தீட்டுக் கழிகிற முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரை அவன் முகம் வழிக்கக் கூடாது. கோயில் பக்கமே போகாத பிரியந்தனுக்கும் இது தெரியும். கொள்ளி வைக்கவில்லை. காடாற்றவில்லை. சாம்பலைத் தொடவில்லை. ஒரு மகன் செய்ய வேண்டியவற்றில் ரொறன்ரோவில் இருந்துகொண்டு செய்யக்கூடியதாக மிஞ்சியது இது ஒன்றுதான். அங்கே அன்புராசாவின் முகத்தில் வளர்வது இங்கே தன் முகத்திலும் வளரட்டும் என்று நினைத்தான்.

சம்பியன் போட்டி பெப்ரவரி இருபத்துநாலாம் திகதி, சனிக்கிழமை. எண்ணிப் பார்த்தால் இருபத்தேழாம் நாள். அந்த வருடம் அவனுடைய எடையில் பதிந்தவர்கள் இரண்டே பேர். அதனால் நேரே இறுதிச் சண்டை. எதிராளி ஹமில்ரனைச் சேர்ந்த மார்க் என்ற இருபது வயதுப் பெடியன். தாடியோடு யாரையும் வளையத்துக்குள் விட மாட்டார்கள். எடை பார்க்கும்போதே வைத்தியர் தாடையைத் தடவிப் பார்ப்பார். அது பிரியந்தனுக்கு நன்றாகத் தெரிந்த சட்டம்.

வழிக்காதே என்று யாராவது அவனை மறித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஒருவரும் மறிக்கவில்லை. மாமியின் கணவர் செல்வரட்ணம் அங்கிள் கோயில் சபையில் இருக்கிறவர். அவர் முதலாவதாக விட்டுக்கொடுத்தார்.

"இது கனடா, தம்பி. இஞ்சை ஆர் முப்பத்தொண்டை முப்பத்தொண்டிலை செய்யினம்? அந்தியேட்டி புதன்கிழமை வருதெண்டால் ஹோல் கிடைக்கிற சனிக்கிழமைக்குத் தள்ளுறம். உன்ரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தால் என்ன? ஐயரைக் கேப்பம்."

ஐயரும் ரெலிபோனிலேயே விட்டுக்கொடுத்தார். "கடல் கடந்து வந்தவைக்கு விதிவிலக்கு இருக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நேரம் வைச்சிருக்கிறன். ஒரு மணித்தியாலத்திலை முடிச்சுத் தாறன். காரைப் பின்பக்கம் விடுங்கோ."

விளையாட்டுக் கழகத்துப் பிரசாந் சனத்தை ஏற்றிப்போக இரண்டு வான் ஒழுங்கு செய்திருந்தான். பிரியந்தனின் படத்தோடு தமிழ்ப் பேப்பரில் செய்தியும் கொடுத்திருந்தான். மூன்றாவது முறையும் வென்றால் அகில கனடாப் போட்டிக்குப் போகலாம். இவனோடு நடந்தவன், இவனோடு குடித்தவன் என்று சொல்லிக்கொள்ளப் பாதி ஸ்காபரோ காத்திருந்தது.

பிரியந்தன் யாருக்கும் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஐயரிடம் போகாமல் தொழிற்சாலையில் மேலதிக நேரம் நின்றான். பயிற்சிக்குப் போனால் தலைக்காப்பின் பட்டி தாடியில் உரசி அரித்தது. சொறிந்தான். நித்திரையில் சொறிந்தான். கார்ல், சவரம் எப்போது என்று கேட்க, சனிக்கிழமை பார்ப்போம் என்றான். வீட்டில் நடந்தான். தும்புத்தடி இடித்தது.

பிரதீபா சொன்னாள்: "எடுக்கிறதெண்டால் எடுங்கோ. எடுக்காட்டி விடுங்கோ. ரெண்டுக்கும் நடுவிலை நிண்டு இந்த வீட்டைத் தேய்க்காதேங்கோ."

"நீர் என்ன சொல்லுறீர்?"

"நான் சொன்னால் பிறகு என்னைத்தான் சொல்லுவியள்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போட்டி மண்டபத்துத் தராசில் ஏறினான். அறுபத்தாறு கிலோ எண்ணூறு கிராம். எழுதிக்கொண்டார்கள். வைத்தியர் புறங்கையால் தாடையைத் தடவிவிட்டு, ஏலாது என்று தலையை ஆட்டினார். கோபமில்லாத மனிதர். ஒன்பதரைக்குப் பட்டியலை மூடுவோம், அதற்குள் வழித்துக்கொண்டு வா என்றார். கார்ல் ஏற்கெனவே பையில் நுரையும் மலிவான சவரக் கத்திகளும் வைத்திருந்தார். மூன்று கத்தி. ஒன்று மழுங்கினாலும் காணும் என்று வாங்கினாராம்.

கழிவறைக் கண்ணாடியின் முன்னே பிரியந்தன் முகத்தை நனைத்தான். இரண்டு நாள் தண்ணீர் காணாத வாய். தாடியில் வழிந்த நீரை நக்கிக் குடித்தான். பிரசாந் கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"என்ன மச்சான், ஒரு மயிரும் குறையேல்லை?"

"பொறு."

"நாப்பது பேர் வந்து நிக்கினம். பிக்கரிங்கிலை இருந்தும் சனம் வந்திருக்கு. அன்ரிமார் இடியப்பம் கட்டிக்கொண்டு வந்திருக்கினம், நீ வெண்டாப் பிறகுதான் பிரிக்கிறதெண்டு."

"ஓம்."

"திரும்ப முளைக்கிற சாமான்தானே மச்சான்."

"கப்பும் அடுத்த வருசம் வரும்தானே."

"வராட்டி?"

பிரியந்தன் கத்தியின் மூடியைக் கழற்றினான். கன்னத்தில் வைத்தான். குளிர்ந்தது. இத்தனை பேரும் சரி என்றுவிட்டார்கள். ஐயர் சரி என்றார், அங்கிள் சரி என்றார், அப்பா இருந்தால் அவரும் சரி என்றுதான் எழுதியிருப்பார், இரண்டே வசனத்தில். இல்லை என்று சொல்ல உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம். பதினேழு வயதிலிருந்து ஓடிக்கொண்டே இருப்பவன் அவன். குத்து வருகிற இடத்திலிருந்து விலகுவதுதான் அவனுடைய கெட்டித்தனம். இந்தத் தாடியிலிருந்தும் விலகலாம். விலகினால் வெல்லலாம். அது அவனுக்குத் தெரியும், மார்க்குக்கும் தெரியும்.

மூடியைத் திரும்ப மாட்டினான்.

"நீ போய்ச் சனத்துக்குச் சொல்லு," என்றான்.

"என்னெண்டு சொல்ல?"

"துடக்கெண்டு சொல்லு."

கார்ல் கேட்டுவிட்டு ஒரு கதிரையில் இருந்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார். பிறகு தானே எடுத்துத் தூசு தட்டிப் போட்டுக்கொண்டார்.

எதிராளி வராவிட்டாலும் வென்றவன் வளையத்துக்குள் ஏற வேண்டும் என்பது முறை. பின்னேரம் மார்க் கையுறையும் தலைக்காப்புமாக ஏறி, தனியாக நடுவில் நின்றான். நடுவர் அவனுடைய கையை உயர்த்தினார். பெடியனின் முகத்தில் சிரிப்பு இல்லை. பிரியந்தன் போகாமல் பார்வையாளர்களோடு நின்று அதைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் பிக்கரிங்கிலிருந்து வந்த ஒரு பெரியவர், "இவர் ஆருக்கு அடிச்சவர்? நான் பாத்ரூமுக்குப் போன நேரம் முடிஞ்சுதோ?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். மார்க் இறங்கி நேரே பிரியந்தனிடம் வந்தான். உன்னை அடித்து வாங்க வந்தேன், இதை எனக்கு இப்படித் தந்திருக்கக் கூடாது என்றான். பிரியந்தன் அவனுடைய கையுறையைப் பிடித்துக் குலுக்கினான். இடியப்பத்தை வானுக்குள் வைத்தே சாப்பிட்டார்களாம்.

புதன்கிழமை லீவு எடுத்தான். செல்வரட்ணம் அங்கிள் வீட்டில் ஏழு பேரோடு அந்தியேட்டி நடந்தது. தாடியும் மீசையும் போனது. படையலுக்குப் பிறகு வாழையிலைக்கு முன்னால் இருந்து மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். அதன் பிறகு அவனுடைய உடம்பு அறுபத்தேழுக்கு இறங்கவில்லை. குப்பைப் பையோடு ஓடித்தான் பார்த்தான். அறுபத்தொன்பதில் நின்றுவிட்டது. எழுபத்தொரு கிலோப் பிரிவில் இரண்டு வருடம் சண்டை பிடித்தான். அந்தப் பிரிவில் எல்லாரும் அவனைவிட உயரம். நாலு வென்றான், ஆறு தோற்றான். 98இல் கையுறையைக் கழற்றினான். கப் திரும்ப வரவில்லை.

சனம் சும்மா இருக்கவில்லை. "ஹமில்ரன் பெடியனுக்குப் பயந்து தாடிக்குள்ளை ஒளிஞ்சவர்," என்று கடையில் அவன் காதுபடவே சொன்னார்கள். "தாடிச் சம்பியன்" என்ற பெயர் நெடுநாள் இருந்தது. பிரசாந் எட்டு மாதம் பேசவில்லை. பிரியந்தன் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. செய்தது சரியா என்று தனக்கே தெரியாமல்தான் 96இன் அந்த வசந்தகாலம் முழுதும் நடந்துகொண்டிருந்தான்.

அந்த ஏப்ரல் கடைசியில் அம்மாவின் கடிதம் வந்தது. யாரோ கொழும்பு வரை கொண்டுவந்து போட்டிருந்தார்கள். லிஃப்ற்றுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தான்.

"பள்ளிக்கூடம் திறக்கவேணும் எண்டு எங்களை எழுப்பிப்போட்டினம். போற இடம் தெரியாத நிலையிலை முப்பத்தொரு நாள் ஆர் காத்திருக்கிறது. எட்டாம் நாளே எல்லாத்தையும் சேர்த்துச் செய்துபோட்டம். அன்புராசாவும் அண்டைக்கே வழிச்சுப்போட்டான், அவனிலை குற்றமில்லை. அப்பாவுக்கு ஒழுங்காய் ஒண்டும் நடக்கேல்லை எண்டதுதான் என்ர மனவருத்தம்."

இரண்டாம் முறை படியேறிக்கொண்டே வாசித்தான். பதினோரு மாடியும் ஏறினான். பிரதீபாவிடம் கொடுத்தான். அவள் வாசித்துவிட்டு அவனுடைய வழித்த கன்னத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மேசையைத் துடைத்து, எழுதும் தாளையும் பேனையையும் எடுத்து வைத்தாள்.

நின்றுகொண்டே எழுதினான். கப்பைப் பற்றியோ மார்க்கைப் பற்றியோ எழுதவில்லை. "அம்மா, நீங்கள் யோசிக்கவேண்டாம். அப்பாவுக்கு முப்பத்தொரு நாளும் இஞ்சை முறையாக நடந்தது. நான் ஒரு நாளும் விடேல்லை." அவ்வளவுதான்.

தபால்பெட்டி கட்டடத்தின் வாசலிலேயே இருந்தது. அவன் அதைத் தாண்டி ஓடினான், அடுத்த பெட்டியையும் தாண்டினான். ஷெப்பர்ட் சந்தியில் இருந்த மூன்றாவது பெட்டியில்தான் கடிதத்தைப் போட்டான்.