சாம்பாரில் அல்ல, ரசத்தில்

பாகலூர் சாலையில் மெஸ் நடத்தி, ஒரு கம்பெனிக்குச் சாப்பாடு அனுப்புகிறேன். என் சாம்பாரில் கரப்பான்பூச்சி கிடந்ததாக நாளை செய்தி வரும் என்று சொல்லி, ஒரு பத்திரிகை நிருபர் போனில் என் பதிலைக் கேட்டார். கம்பெனி ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் மறுப்பு எழுதி, செய்தியை நிறுத்த வக்கீல் நோட்டீஸ் கேட்டு ஓசூர் வக்கீலம்மாவிடம் ஓடினேன். அவர் சத்தமாகப் படித்தார்.

"'பூச்சி விழுந்தது சாம்பாரில் அல்ல, ரசத்தில்.' இதை அனுப்பிட்டீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"பொழச்சீங்க! அந்த ரசத்தை என்ன பண்ணீங்க?"

"கீழ கொட்டிட்டு வேற வெச்சு அனுப்பினேங்க."

"சொல்றதுன்னா அதையும் சொல்லுங்க. நடந்தது செய்தியா வர்றதை நிறுத்த என்கிட்ட நோட்டீஸ் இல்ல."

மறுநாள் செய்தி சாம்பாரை ரசமாகத் திருத்தி, என் முழுப் பதிலோடு வந்தது. ஆர்டர் தப்பியது. இன்றும் ரசம் ஊற்றும்போது சிலர் போனில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை கரண்டியை அசைக்காமல் பிடித்திருக்கிறேன்.