லவெலுக்கு ஆள் இருக்கிறது

ஒடெஸா பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவள். புருஷனை மண்ணில் வைத்த பிறகு ஒற்றை ஆளாக நின்று மகன் லவெலை வளர்த்தாள். அந்த லவெலைத்தான் பெக்கன் மரத்துக் கொட்டைகளைப் பொறுக்கும் இலையுதிர் காலத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கடைத்தெருவில் யாரோ ஒரு கடையை உடைத்துவிட்டார்கள். ஓடினவன் நெட்டையாக, கறுப்பாக இருந்தானாம். அவ்வளவுதான் சாட்சி. மிசிசிப்பியில் அந்த அடையாளத்துக்கு ஊரில் பாதிப் பேரைப் பிடிக்கலாம்.

அதே வாரம் மரக்கடைக்காரர் மகன், வெள்ளைக்காரப் பையன், குடித்துவிட்டு ஒருத்தருடைய வைக்கோல் கொட்டகையைக் கொளுத்தினான். ஜட்ஜ் அவனை அப்பனோடு அனுப்பிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தான். லவெலோ ஆறு மாதம் கழிந்து பருத்தி விதைக்கிற காலம் வந்தும் விசாரணை இல்லாமல் ஜெயிலில் கிடந்தான்.

ஒடெஸாவுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கொதிக்கிற தண்ணீரில் கையை விட்டால் பக்கத்தில் நிற்கிறவள் கத்தின பிறகுதான் எடுப்பாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

சர்ச் வாசலில் நின்று ஆட்களை உட்கார வைக்கிற வெர்னெல் ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்தாள்.

"நம்ம புள்ளைங்கள கோர்ட்டுல ஜட்ஜ் முன்னால நிறுத்துறப்போ பின்னாடி பெஞ்சு பூரா காலியா கிடக்கு, ஒடெஸா. நாம வேலைக்குப் போயிடுறோம். கேக்க நாதியத்த பயன்னு அவரு நெனச்சுக்கிறாரு. இனிமே யாரு புள்ளையா இருந்தாலும் நாம போயி உக்காரணும்."

"உக்காந்தா என்ன ஆகும் சிஸ்டர்?"

"ஒண்ணும் ஆகலேன்னாலும் உன் காலுக்கு ஓய்வு கெடைக்கும்ல? நாள் பூரா நின்னே சாகுற."

ஒடெஸா சிரிக்கவில்லை. ஆனாலும் போனாள்.

லவெலை ஜாமீனுக்கு நிறுத்திய நாளில், சர்ச்சில் நற்கருணை ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துகிற வெள்ளை உடுப்போடு பெண்கள் பெஞ்சுகளை நிறைத்தார்கள். அரசாங்கம் கொடுத்த வக்கீல் சின்னப் பையன். எழுந்து, "இவன் உழைத்துப் பிழைக்கிறவன், ஐயா" என்று ஆரம்பித்தான்.

"ஆமென்!" என்றாள் வெர்னெல். எல்லோரும் "ஆமென்!" என்றார்கள்.

வேண்டுமென்று செய்ததல்ல. பிரசங்கியார் ஒரு வார்த்தை சொன்னால் பதில் சொல்லாமல் விடுவது அந்தச் சர்ச்சில் மரியாதைக் குறைச்சல். பிறந்ததிலிருந்து ஊறின பழக்கம். ஜட்ஜ் சுத்தியலால் தட்டினார். "இது சர்ச் இல்லை. இன்னொரு சத்தம் கேட்டால் எல்லோரும் வெளியே."

வக்கீலுக்கு வியர்த்தது. "இவனுக்கு அம்மா இருக்கிறாள். அவளை விட்டு எங்கேயும் ஓடமாட்டான்."

"சத்தியம் ஆண்டவரே!"

ஒடெஸாவேதான். தன் வாயிலிருந்து வந்தது என்று மற்றவர்கள் திரும்பிப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பெஞ்சுகளைக் காலி செய்துவிட்டார்கள். கதவு சாத்தின பிறகு உள்ளே என்ன பேசினார்களோ, லவெலை மறுபடியும் ஜெயிலுக்கே கொண்டுபோனார்கள்.

படியில் நின்றபடி ஒடெஸா சொன்னாள்: "நான்தான் சிஸ்டர் கெடுத்தேன்."

"முதல்ல ஆரம்பிச்சவ நானு. பங்கு போட்டுக்கலாம்" என்றாள் வெர்னெல். "அடுத்த தடவ வாயில பெப்பர்மின்ட் மிட்டாய் அடக்கிட்டு வாங்கடீ. கடிக்காம சப்புங்க."

இடையில் மற்றப் பையன்களுடைய வழக்குகளுக்கும் போய் வாய் திறக்காமல் இருக்கப் பழகினார்கள். லவெலின் முறை மறுபடி வந்தபோது ஊரிலுள்ள மற்ற இரண்டு சர்ச்சுகளின் ஜனங்களும், முடிவெட்டுகிற கடை ஆண்களும் சேர்ந்து வந்து சுவரோரம் நின்றார்கள். ஒரு மூச்சுச் சத்தம் இல்லை.

"இவர்களெல்லாம் யார்?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"இவனுடைய ஆட்கள், ஐயா" என்றான் வக்கீல்.

பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் தான் பார்ப்பதில்லை என்று ஜட்ஜ் சொன்னார். சொல்லிவிட்டு, விசாரணை வரைக்கும் அம்மா பொறுப்பில் இருக்கட்டும் என்று லவெலை விட்டார்.

"பாக்காதவருக்கு எதுக்கு அத்தனை தடவ கண்ணாடியத் தொடைக்கணும்?" என்று வெர்னெல் ஒடெஸா காதில் முணுமுணுத்தாள்.

லவெல் அம்மாவின் பெஞ்சருகே வந்து நின்றான். மெலிந்திருந்தான். ஒடெஸா அவன் முகத்தைத் தொட்டாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வழக்கு அப்படியே இருக்கிறது. கடை உடைத்தவன் என்ற பேரும் இருக்கிறது.

"வீட்டுக்குப் போலாம்மா. வயிறு பசிக்குது."

"அடுப்புல சோள ரொட்டி மூடி வச்சிருக்கேன். நீ முன்னால போடா."

"நீ வரலியா?"

"அடுத்தது பெர்டாவோட பையன் கேஸு. அவளுக்கு மில்லுல லீவு கொடுக்கல."

லவெல் அம்மா பக்கத்தில் இடம் விலக்கிக்கொண்டு, கையை மடியில் வைத்து உட்கார்ந்தான்.