ஃபோர்த் ஃபாரத்தில் ஓர் ஒப்பாரி

வாத்தியார் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் பாட்டுக்கு நம் ஊர்ப் பையன் எவனும் அழமாட்டான் என்று நான் முழுசாக நம்பியிருந்தேன். அர்த்தத்தை போர்டில் எழுது, மனப்பாடம் பண்ணச் சொல், மறுநாள் ஒப்பிக்கச் சொல். பாட்டென்றால் எனக்கு அம்புட்டுதான்.

அப்போது மதுரையில் ஒரு ஹைஸ்கூலில் எனக்கு ஆக்டிங் வேலை, அதாவது தற்காலிகம். இன்ஸ்பெக்டர் என் வகுப்பைப் பார்த்து நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் மாமனார் கடையில் பருத்திவிதை நிறுக்க வேண்டியதுதான்.

அவர் வருவதாக இருந்த வாரம் பார்த்து ஹெட்மாஸ்டருக்குக் கடும் காய்ச்சல். ஐயாவுக்கு ரொம்ப முடியவில்லையாம் என்று பள்ளிக்கூடம் முழுக்க ஒரே பேச்சு. அந்த நேரத்தில் ஒரு காலை, நான் போர்டில் அர்த்தம் எழுதிக்கொண்டிருக்க, பக்கத்து வகுப்பைப் பிரிக்கிற தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அழுகை கிளம்பியது. ஒருவர் இருவர் இல்லை, வகுப்பு மொத்தமும். நடுநடுவே நெஞ்சில் அடித்துக்கொள்ளும் சத்தம்.

ஹெட்மாஸ்டர் போய்விட்டார் என்று நானே முடிவு கட்டினேன். பையன்களை எழுந்து நிற்க வைத்து, கொஞ்சநேரம் மௌனம் காத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தால், கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். சொந்தக்காரராக இருக்கும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மனசைத் தேத்திக்கங்க ஐயா. நல்ல மனுசன். எப்ப எடுக்குறாக?"

"யாரை?"

"நம்ம ஹெட்மாஸ்டரைத்தான்."

அந்தச் சமயத்தில்தான் ஹெட்மாஸ்டர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இருமியபடி ஜட்கா வண்டியிலிருந்து இறங்கினார். நேரே எங்களிடம் வந்து கும்பிட்டு, "வாங்க இன்ஸ்பெக்டர் சார்" என்றார்.

பிடித்த கையை விடவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டரேதான் உருவிக்கொண்டார்.

மூவரும் அழுகை வந்த வகுப்புக்குப் போனோம். சீனியர் இங்கிலீஷ் வாத்தியார் சிவராமன் சாரின் ஃபோர்த் ஃபாரம் அது, இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. பெஞ்சுகளை ஓரம்கட்டி, பையன்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாகக் குனிந்திருந்தார்கள். போரில் மகனை இழந்த தாய் புலம்புகிற இங்கிலீஷ் பாட்டு. என் பிள்ளைகளுக்கு நான் அர்த்தம் எழுதிப் போட்ட அதே பாட்டு. செல்லூர்த் தறிக்காரர் வீட்டுப் பையன் சோலைமலை ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் மாரில் தட்டித் திருப்பிச் சொன்னார்கள்.

மகனைக் கூப்பிட்டு அழுகிற தாய் நடுவில் ஏன் வீட்டுக் கதவைப் பற்றிப் பேசுகிறாள் என்று இன்ஸ்பெக்டர் அவனைக் கேட்டார்.

"எங்க தெருவுலயும் அப்பிடித்தான் சார். மொதல்ல செத்தவகளைக் கூப்புடுவாக. அப்பறம் அவுக தொட்டுப் பொழங்குனதை ஒவ்வொண்ணாச் சொல்லுவாக. அந்தக் கதவை அவன்தான சார் தெறப்பான். இனிமே யாரு தெறக்க?"

அந்த வரிக்கு நான் என் போர்டில் எழுதியிருந்தது: 'கதவு, ஃபிகர் ஆஃப் ஸ்பீச், இரண்டு மார்க்.' சிவராமன் சாரின் போர்டில் ஓர் எழுத்துகூட இல்லை. எப்படி சார் என்று பிறகு கேட்டேன். "அழத் தெரிஞ்ச பயலுகய்யா. பாஷை மட்டும்தான் நான் சொல்லிக் குடுத்தேன்" என்றார். இந்தத் தொழிலில் நான் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

அடுத்து என் வகுப்பைப் பார்க்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். அங்கே வெறும் பெஞ்சுகள். பருத்திவிதை வாசனையே எனக்கு வந்துவிட்டது. சிவராமன் சார் குறுக்கே புகுந்தார்.

"பக்கத்து வகுப்பு வாத்தியாரே நெசமான எழவுன்னு நம்பிட்டாரு. எம் பயலுகளுக்கு இதுக்கு மேல என்ன சார் சர்ட்டிபிகேட் வேணும்?"

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த முறை வந்து பார்க்கிறேன், அதுவரை நீர் இந்த வகுப்பில் உட்கார்ந்து படியும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் அந்த வட்டத்தில் நானும் நின்றேன். கதவு வரியை எடுத்துக் கொடுக்க என் முறை வந்தது. பாதி வரியில் குரல் நின்றுவிட்டது. மிச்சத்தைச் சோலைமலைதான் சொல்லி முடித்தான்.